எங்கள் அப்பளத் தொழில் உண்மையில் லாபத்தில் ஓடுகிறதா? கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அப்பளம் போடுகிறது. இப்போது அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்துகிறார்கள். விற்பனை குறையவில்லை, ஆனால் உளுந்து வாங்கும் நேரத்தில் கையில் பணம் இருப்பதில்லை. தொழில் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க விரும்புகிறேன்.

கணக்கு நோட்டில் உளுந்து மூட்டைக்குக் கீழேயே தங்கையின் கல்லூரிக் கட்டணம், அதற்கடுத்து பாட்டியின் மருந்துச் செலவு. சொந்தக் கட்டடம் என்பதால் வாடகை எழுதுவதில்லை. அம்மாவும் சித்தியும் விடிகாலையிலிருந்து மாவு இடிக்கிறார்கள், உருட்டுகிறார்கள்; அவர்களுக்குச் சம்பளமே இல்லை. அந்த உழைப்பைக் கழிக்காமல் வருவதை லாபம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடகைக்கும் வீட்டார் உழைப்புக்கும் நியாயமான தொகையை எப்படி நிர்ணயிப்பது?

அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் அப்பளம் அடைக்கும் உறைகளுக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதை அடக்கவிலையில் சேர்ப்பதுதானே முறை?

மொத்த வியாபாரிகள் மாதக்கணக்கில் பாக்கி வைக்கிறார்கள். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எங்களிடம் உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறது. வியாபார உறவு முறியாமல் இதைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

எல்லாவற்றையும்விடக் கடினம் சித்தப்பாவிடம் பேசுவது. கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவார். அப்பள மாவில் பிரண்டைச் சாறு எவ்வளவு விடுவது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அவர் மனம் நோகக் கூடாது. அம்பாசமுத்திரம், திருநெல்வேலிப் பக்கம் குடும்பத் தொழில் கணக்குகளைப் பார்த்துப் பழகிய ஆடிட்டர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.