கலைச்சொல்: முளையடிக்காமல் நிற்கும் கூடாரத்துக்கு என்ன பெயர்?

அனுப்பியவர்: சுமைதாங்கி

குழுவினருக்கு வணக்கம்.

முதல்முறையாக முதுகுப்பையோடு இமாசலப் பக்கம் நடக்கப் போகும் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேடு தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒருவர் படுக்கிற கூடாரம் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. மற்றவற்றை ஒப்பேற்றிவிட்டேன், 'ஃப்ரீஸ்டாண்டிங்' மட்டும் மாட்டிக்கொண்டது.

பார்க்காதவர்களுக்காக: ஒரு வகைக் கூடாரத்துக்கு அலுமினியக் கழிகளால் ஆன சொந்தச் சட்டகம் உண்டு. துணியை அதில் மாட்டினால் நின்றுவிடும், இடம் பிடிக்காவிட்டால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். இன்னொன்றுக்குச் சட்டகமே இல்லை. நடக்கும்போது ஊன்றுகிற கோலை நடுவில் நிறுத்தி, மூலைகளில் முளை அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். மலிவு விலையில் பலரும் வாங்கும் லான்ஷான் 1 இந்த இரண்டாவது வகை, சுமார் 900 கிராம். சட்டகம் உள்ளது அதே விலைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ வரும்.

முதலில் 'தனிநிலைக் கூடாரம்' என்று போட்டேன். ஆனால் கையேடு முழுக்கத் 'தனியாள் கூடாரம்' பற்றியது. 'தனியாள் தனிநிலையற்ற கூடாரம்' என்று படிக்கும்போது ஏதோ அநாதைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

---

அனுப்பியவர்: ஓலைப்பெட்டி

அன்புள்ள சுமைதாங்கி,

'தனிநிலை' கூடவே கூடாது. அது ஆய்த எழுத்தின் பெயர். முப்பாற்புள்ளி என்றும் சொல்வோம். மூன்று புள்ளிகளும் மூன்று கால்களைப் போல இருப்பதால் பொருத்தம்தானே என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

புதிதாகப் படைப்பானேன்? முல்லைப்பாட்டில் பாசறை வருணனையை எடுத்துப் பாருங்கள். 'கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை.' கால்களை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிய இருப்பிடம். நீங்கள் சொல்லும் இரண்டாவது வகை அப்படியே இருக்கிறது. அதற்குக் 'கயிறுவாங்கு கூடாரம்' என்று வையுங்கள். முதல் வகைக்கு அதற்குச் சில அடிகள் முன்பே விடை இருக்கிறது. பார்ப்பான் முக்கோலை ஊன்றி அதில் காவி உடையைத் தொங்கவிடுகிற உவமை. முக்கோல் கயிறில்லாமல் நிற்கிறது அல்லவா? 'முக்கோற் கூடாரம்.'

---

அனுப்பியவர்: கரடிமடை

ஐயா, வணக்கம். பாட்டு அருமை. ஆனால் இது வாங்குவதற்கான கையேடு. 'கயிறுவாங்கு கூடாரம்' என்று பார்க்கிற பையன் கயிறு தனியாகக் கடையில் வாங்க வேண்டும் போல என்றுதான் நினைப்பான். வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம், சட்டகம் உள்ள ஒருவர் கூடாரத்தில் முக்காலி மாதிரிக் கால் கிடையாது. குறுக்கே போகிற இரண்டு கழி, அல்லது ஒரு முனை இரண்டாகப் பிரிகிற கழி. முக்கோல் எங்கிருந்து வந்தது?

---

அனுப்பியவர்: நிகண்டு

அடிப்படையையே விட்டுவிட்டோமே. 'கூடாரம்' தமிழா? கூடு என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. கூடு, கூடை, கூடம், குடில், குடம், எல்லாம் வளைவும் உள்ளடக்கமும் குறித்தவை. வேறு மொழியிலிருந்து வந்தது என்பவர்கள் சான்று தரட்டும். ஐயம் தீரும்வரை 'பாடி' என்ற பழஞ்சொல்லை ஆளலாம். 'தன்னிற்பாடி' எப்படி?

---

அனுப்பியவர்: கரடிமடை

'தன்னிற்பாடி' என்றால் தனக்குள்ளே பாடிக்கொண்டு போகிறவன். தனியாக மலையேறுகிறவனுக்குப் பொருத்தம்தான், கூடாரத்துக்கு இல்லை.

---

அனுப்பியவர்: ஓலைப்பெட்டி

நிகண்டு அவர்களே, பாடி என்பது படை தங்கிய பரப்பு முழுவதையும் குறிக்கும். அதே பாட்டில் 'படுநீர்ப் புணரியின் பரந்த பாடி' என்று கடலோடு ஒப்பிடப்படுகிறது. கடலளவு இடத்தில் ஒரே ஓர் ஆளைப் படுக்க வைக்கலாமா? கூடு வழிக்கும் எனக்கு உடன்பாடில்லை. ஓசை ஒத்ததெல்லாம் வேர் ஒத்தது ஆகாது. அப்படிப் போனால் மார்கழியில் 'கூடாரை வெல்லும்' என்று பாடுவதைக் கூடாரத்தை வெல்லுவது என்று சொல்வீர்கள். கூடார் என்றால் பகைவர்.

---

அனுப்பியவர்: சுமைதாங்கி

கூடாரம் இருக்கட்டும், தயவுசெய்து. அட்டைப்படத்திலேயே அச்சாகிவிட்டது.

---

அனுப்பியவர்: வடமராட்சி

வணக்கம். எங்கட பக்கத்திலும் கூடாரம்தான். தறப்பாள், அதாவது தார்ப்பாய், கட்டின கொட்டிலைக் கூடாரம் என்று சொல்லமாட்டம். முகாமிலே இருந்த சனத்துக்கு அந்தச் சொல்லின்ர கனம் வேற. கையேட்டில் விரிப்புத் துணிக்கோ மேல்துணிக்கோ 'தறப்பாள்' போடுவதென்றால் அதை யோசியுங்கோ. சரி, கேட்ட கேள்விக்கு வாறன். 'முளைவேண்டாக் கூடாரம்', 'முளைவேண்டும் கூடாரம்'. ஓடாக் குதிரை மாதிரி நேரான எதிர்மறைப் பெயரெச்சம். வாசிக்கிற பிள்ளைக்கும் என்ன கொண்டுபோக வேணுமென்று விளங்கும்.

---

அனுப்பியவர்: கரடிமடை

அக்கா சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் ஆபத்து. எந்தக் கூடாரத்துக்கும் முளை வேண்டும். சட்டகம் இருந்தால் நிற்கும், அவ்வளவுதான். உள்ளே ஆள் இல்லாத நேரத்தில் காற்றடித்தால் உருண்டு போய்விடும். மேல்துணியின் முன்பக்கத்தை விரித்துச் செருப்பும் அடுப்பும் வைக்க இடம் வேண்டுமென்றால் அங்கேயும் முளை அடித்தாக வேண்டும். நான் மேலே சொன்ன பிரிகிற கழிக் கூடாரங்களில் கால்மாட்டு மூலைகள் இரண்டும் முளையில்லாமல் விரியாது. விளம்பரத்தில் இதையும் ஃப்ரீஸ்டாண்டிங் என்றுதான் விற்கிறார்கள். ஆங்கிலச் சொல்லே பாதிப் பொய். அந்தப் பொய்யை நல்ல தமிழில் பெயர்த்து என்ன பயன்?

பையன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இமாசலத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு மாதிரி சரளை நிலத்தில் முளை இறங்காது. கயிற்றை நீளமாக விட்டுப் பெரிய கல்லில் சுற்ற வேண்டும். கயிறு இழுத்து நிற்கிற வகைக்கு அது உயிர்ப்பிரச்சினை, சட்டகம் உள்ளதற்கு அவ்வளவு இல்லை. இன்னொன்றும் சேர்த்துவிடுங்கள்: நைலான் நனைந்தால் தொய்யும். கயிற்றால் நிற்கிற கூடாரம் நைலான் துணியாக இருந்தால் இரவில் எழுந்து ஒருமுறை இழுத்துவிட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது. சிலிக்கான் பூசிய துணியில் தையல் வழியே நீர் புகாமல் தடுக்கிற பட்டி ஒட்டாது, வாங்கினவரே பசை தடவ வேண்டியிருக்கும். பத்தாயிரத்துக்குள் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் பெயரைவிட முக்கியம்.

---

அனுப்பியவர்: நிகண்டு

கலைச்சொல் எச்சரிக்கைப் பலகை அல்ல. பொருளைச் சுட்டினால் போதும். 'தானூர்தி' தானே போகிறதா, ஓட்டுநர் வேண்டாமா? 'தன்னிற்புக் கூடாரம்'. ஈற்றில் இருந்த 'பாடி'யை விட்டுவிட்டேன், மகிழ்ச்சிதானே?

---

அனுப்பியவர்: சுமைதாங்கி

நன்றி. தன்னிற்பை இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளிடம் காட்டினேன். 'தற்கொலை மாதிரி இருக்கு' என்றாள். நீக்கிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கரடிமடை சொன்ன அந்த முன்பக்க இடத்துக்குத் 'திண்ணை' போட்டிருக்கிறேன். சரியா?

---

அனுப்பியவர்: ஓலைப்பெட்டி

திண்ணை மேடு. தரையோடு தரையாக இருப்பது திண்ணையாகாது. 'முன்றில்' இருக்கிறதே! இல்முன் என்பது முன்றில் என மாறி நிற்பது. இலக்கணப்போலிக்கு வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம். இரட்டைத் துணிக் கூடாரத்துக்கும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. திண்ணிய கயிற்றில் திரையை வளைத்து இரண்டு அறையாக்கிய 'ஈரறைப் பள்ளி'யில்தான் அரசன் உறங்காமல் கிடக்கிறான். உள்ளே ஆள் படுக்கும் வலைத்துணி, வெளியே மழை தாங்கும் துணி, நடுவே இடைவெளி. மூச்சு நீராகி மேலே சொட்டாது என்று கரடிமடையே முன்பு எழுதியிருக்கிறார்.

---

அனுப்பியவர்: கரடிமடை

சொட்டும் ஐயா, வெளித்துணியில்தான் படியும், உங்கள்மேல் படாது. ஒற்றைத் துணி என்றால் விடிகாலையில் தூக்கப்பை நனையும். காற்றுப்போக வழி திறந்து வைத்தால் குறையும். முன்றிலுக்கு என் ஓட்டு. நல்ல சொல், சின்னச் சொல், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

---

அனுப்பியவர்: வடமராட்சி

முன்றிலுக்கு நானும். மற்றதுக்கு 'தானே நிற்கும் கூடாரம்', 'இழுத்துக் கட்டும் கூடாரம்' என்று நேராகவே எழுதிவிட்டால் என்ன? ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

---

அனுப்பியவர்: நிகண்டு

அது தொடர், சொல் அல்ல. அகராதியில் எந்த எழுத்தில் தேடுவது? 'இழுகட்டுக் கூடாரம்' என்றாவது இறுக்கலாமே.

---

அனுப்பியவர்: சுமைதாங்கி

வியாழன் இரவு ஆகிவிட்டது. 'தானே நிற்கும் கூடாரம்', 'இழுத்துக் கட்டும் கூடாரம்', 'முன்றில்' மூன்றும் போகின்றன. 'இழுகட்டு' அடைப்புக்குள் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். தானே நிற்கும் என்ற இடத்தில் 'காற்றில் இதற்கும் முளை தேவை' என்று கரடிமடைக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மழைத்தாங்கு அளவை 'நீர்த்தம்பம், மி.மீ.' என்றே விட்டேன், யாரும் தம்பத்தைத் தோண்ட வேண்டாம்.

---

அனுப்பியவர்: ஓலைப்பெட்டி

தம்பம் வடசொல். தூண் என்று இருக்கிறது.

---

அனுப்பியவர்: கரடிமடை

ஒரு வரி போதாது சுமைதாங்கி. தடித்த எழுத்தில் போடுங்கள். 'தானே நிற்கும்' என்று படித்துவிட்டு முளைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவன் வருவான். அவனுக்கு நான் பொறுப்பில்லை என்று இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.