சிங்க் அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வரில் மட்டும் புள்ளி விழுகிறது, உதவி தேவை

கோட்டையூர்_மருமகள்

வணக்கம். சென்னையை விட்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம். காரைக்குடி பக்கத்துப் பழைய வீடு. அடுப்படியில் போன தையில்தான் மேடை கட்டி, சிங்க் வைத்து, கீழே கதவு போட்டு அலமாரி ஆக்கினோம். அதுவரை அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்த பாத்திரச் சோப்பு, லிக்விட், பினாயில், பிளீச்சிங் பவுடர், கக்கூஸ் ஆசிட், எறும்பு மருந்து, அந்துருண்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

இப்போது அதை ஒட்டிய தட்டில் உள்ள எவர்சில்வர் தட்டு, டம்ளரில் டீக்கறை மாதிரி புள்ளி. தேய்த்தால் போகிறது, பத்து நாளில் மறுபடி வருகிறது. கதவின் கீலும் துரு. திறந்தால் மூக்கில் ஒரு காரம் ஏறுகிறது. அத்தை உப்புத்தண்ணி என்கிறார்.

இன்னொரு கவலை, பையனுக்கு மூன்று வயது, கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டான். அத்தையோ வண்டியில் வருகிறவரிடம் பினாயிலைத் தண்ணீர் பாட்டிலில்தான் வாங்கி வைக்கிறார். சொன்னால் வருத்தப்படுவார். எதை எங்கே வைப்பது?

பள்ளத்தூரான்

உப்புத்தண்ணிதான். கழுவியதும் துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள், சரியாகிவிடும்.

கோட்டையூர்_மருமகள்

அண்ணே, மேல் தட்டுப் பாத்திரத்தையும் அதே தண்ணியில்தான் கழுவுகிறோம். அதில் ஒரு புள்ளி கிடையாது.

பழைய_லேப்காரன்

1953லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிற ஊர் காரைக்குடி, துருவை ஆராய்வதும் அங்கே ஒரு வேலை. இங்கே போய் எல்லாத் துருவுக்கும் தண்ணியைக் குற்றம் சொன்னால் எப்படி!

அம்மா, மேல் தட்டில் புள்ளி இல்லை என்றீர்களே, அதுதான் துப்பு. கக்கூஸ் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஆவி கசிந்துகொண்டே இருக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சாதாரணத் தண்ணீருக்குத்தான். இந்த அமில ஆவியில் இருக்கிற குளோரைடு பட்டால் அதன் மேல் இருக்கிற மெல்லிய காப்புப் படலம் புள்ளி புள்ளியாக உடையும். கீலில் துரு ஏறியதும் இதனால்தான் இருக்கும்.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு சோதனை. பளபளப்பான புது இரும்பு ஆணி இரண்டு எடுங்கள். ஒன்றை அந்த அலமாரிக்குள் வையுங்கள், மற்றதைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஈரம்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி துருப்பிடிக்க வேண்டும்.

ஆனால் பாத்திரத்தைவிட எனக்குப் பயம் வேறு. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆசிட் ஒழுகி அந்தப் பொட்டலத்தில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அடுப்படியில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். இன்றைக்கே பிரியுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, முதலில் பவுடரை வெளியே எடுங்கள், பிறகு கையுறை போட்டுக்கொண்டு ஆசிட். இரண்டையும் ஒரே வாளியில் வைத்துத் தூக்க வேண்டாம். மிச்சத்தைக் கொட்டித் தீர்க்கிறேன் என்று ஒரே சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம்.

தேவகோட்டை_ஆச்சி

தங்கச்சி, அந்தக் காலத்தில் அடுப்படிக்குள் சீயக்காய்த்தூள், புளி, சாம்பல் தவிர எது வந்தது? கழுவுற சாமான் எல்லாம் கிணத்தடிப் பக்கம்தான். பாத்திரச் சோப்பும் நாரும் மட்டும் சிங்க் பக்கத்தில் இருக்கட்டும், மத்ததைப் பின்கட்டுக்கு அனுப்பு. பரண் இருந்தால் பரண் மேலே போடு, பிள்ளைக்கு எட்டாது.

ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டில் பழைய ஊறுகாய் ஜாடியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு வச்சிருந்தாங்க. வந்த விருந்தாளி உப்புன்னு நினைச்சுக் கையை விட்டாங்க. நல்லவேளை, வாயில் வைக்கலை. திங்கிற சாமான் வச்ச பாத்திரத்தில் இதைப் போடவே கூடாது.

பழைய_லேப்காரன்

ஆச்சி சொன்னதில் பரண் மட்டும் வேண்டாம். ஆசிட்டைத் தலைக்கு மேல் வைத்தால், எடுக்கும்போது வழுக்கி முகத்தில்தான் விழும். ஆசிட் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும், ஆனால் பூட்டுக்குள். பழைய சுவர் அலமாரிகளில் நல்ல தாழ்ப்பாள் இருக்குமே, அதில் ஒன்று போதும். அடியில் பழைய பிளாஸ்டிக் பேசின் வைத்து அதற்குள் நிறுத்துங்கள், ஒழுகினால் அதிலேயே நிற்கும். எங்கள் வீட்டில் மங்குத் தட்டை (இரும்பின் மேல் எனாமல் பூசியது) வைத்துப் பார்த்தேன், மங்கு பெயர்ந்த இடத்தில் இரும்பு அரித்துவிட்டது.

பவுடரை அதே அலமாரியில் வைக்காதீர்கள். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெயிலும் ஈரமும் இல்லாத வேறு இடத்தில். மண்ணெண்ணெய், எண்ணெய்த் துணி பக்கத்தில் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கலாம். நாளாக ஆக வீரியம் குறையும், மூட்டை கணக்கில் வாங்காதீர்கள்.

பள்ளத்தூரான்

தண்ணி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்துருண்டையைப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைக்கும், அதையும் பூட்டுங்கள். வெள்ளைப் பினாயிலைக் கரைத்து வைத்தால் பெரியவர்களுக்கே மோர் மாதிரி தெரியும். எலுமிச்சம்பழப் படம் போட்ட பாத்திர லிக்விட் ஜூஸ் மாதிரி.

கோட்டையூர்_மருமகள்

அப்படி ஏதாவது குடித்துவிட்டால் உடனே என்ன செய்வது? உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பழைய_லேப்காரன்

கூடவே கூடாது. ஆசிட் போகும்போது ஒரு தரம் சுடும், வரும்போது இன்னொரு தரம் சுடும். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, கட்டணம் இல்லை. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரி.

தேவகோட்டை_ஆச்சி

அத்தை விஷயத்துக்கு ஒரு வழி. "உங்களுக்குத் தெரியாது" என்கிற மாதிரி பேசிடாதே. அலமாரியைப் பூட்டி, சாவியை அவங்க கையில் கொடு. பொறுப்பு வந்துட்டா அவங்களே கேட்டு வாங்குவாங்க.

கோட்டையூர்_மருமகள் (ஐந்து நாள் கழித்து)

முதல் வேலையாக அன்றைக்கே பவுடரைப் பிரித்துவிட்டேன். ஆசிட்டை மட்டும் சோதனைக்காக இரண்டு நாள் விட்டுவைத்தேன், பையனைப் பின்கட்டுப் பக்கமே விளையாட விட்டு. குடத்தடி ஆணி லேசாகக் கூட நிறம் மாறவில்லை. அலமாரி ஆணி செம்பருத்தி மாதிரி சிவந்துவிட்டது! பாட்டிலைத் தூக்கினால் அடியில் ஈரம். மூடியின் உள்ளே இருக்கும் வளையம் கிழிந்திருந்தது.

இப்போது ஆசிட்டும் பினாயிலும் பின்கட்டுச் சுவர் அலமாரியில் பூட்டோடு. பவுடர் மாட்டுக்கொட்டகைப் பக்க அறையில், மேல் மாடத்தில். சிங்க் அடியில் சோப்பு, லிக்விட், நார் மட்டும். அந்தக் கதவிலும் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி. புள்ளியைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன், முக்கால்வாசி போய்விட்டது. சில இடத்தில் சிறு குழி இருக்கிறது, அது போகாது போல.

ஒரு துக்கம் மட்டும். தூக்கும்போது நாலு சொட்டு ஆத்தங்குடிக் கல்லில் விழுந்துவிட்டது. பூ இதழில் வெளுத்த வட்டம். என்ன போட்டுத் தேய்ப்பது?

பழைய_லேப்காரன்

எதுவும் போடாதீர்கள். அது கறை இல்லை. ஆத்தங்குடிக் கல்லின் மேல்பூச்சு சிமெண்டும் சாயமும்தான், ஆசிட் அதைத் தின்றுவிட்டது. எலுமிச்சை, புளி போட்டால் இன்னும் கொஞ்சம் தின்னும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு தரம் தேய்த்தால் வெளுப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது.

கோட்டையூர்_மருமகள்

எண்ணெய் தேய்த்தேன், பரவாயில்லை. அதற்குள் அத்தை அதன் மேல் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டார். சாவி அவர் இடுப்பில்தான். இன்று காலை பினாயில்காரர் வந்தபோது, "தண்ணி பாட்டிலில் ஊத்தாதே, லேபிள் ஒட்டுன கேன் இருந்தா கொண்டா" என்று வாசலில் நின்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.