லினக்ஸில் லேப்டாப் ஸ்பீக்கர் சவுண்ட் சரியில்லை, உதவி ப்ளீஸ்

ஓசைதேடி: லினக்ஸ் போட்டதிலிருந்து ஸ்பீக்கர் சவுண்ட் சரியில்லை. விண்டோஸில் நல்லா இருந்தது. அப்டேட் எல்லாம் பண்ணியாச்சு. அவசரம்.

நள்ளிரவு_ஷெல்: சரியில்லைன்னா? சத்தமே வரலையா, கரகரன்னு வருதா, கம்மியா வருதா? எந்த கோடெக் (ஒலி சிப்), எந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி)? எல்எஸ்பிசிஐ -என்என்கே கமாண்ட் காட்டுற ஆடியோ பகுதியை அப்படியே ஒட்டுங்க.

பல்ஸ்_பக்தன்: காரணம் பைப்வயர்ங்கிற சவுண்ட் சர்வர்தான். அதைத் தூக்கிட்டு பழைய சர்வர் பல்ஸ்ஆடியோவைப் போடுங்க ப்ரோ.

கர்னல்_கிழவர்: எல்லா வியாதிக்கும் இவருக்கு ஒரே மருந்து. பாட்டை நிறுத்திட்டு பத்து விநாடி பொறுங்க, பைப்வயர் கார்டை விட்டுடும். பிறகு ஏப்ளே -டி (பெரிய டி) ப்ளக்எச்டபிள்யூ:0,0 கொடுத்து ஒரு வேவ் கோப்பை ஓட்டுங்க. அது நேரா கார்டுக்குப் போகும். அப்பவும் அதே சத்தம்னா பைப்வயர் மேல பழி இல்லை. கேள்வி கேட்கிற முறையைப் பத்தி ஃபோரத்தின் மேலேயே ஒட்டி வச்சிருக்கு. படிக்கத்தான் ஆள் இல்லை.

ஓசைதேடி: ஏப்ளேயிலும் அதேதான் சார். தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி, பாஸ் சுத்தமா இல்லை. ஹெட்ஃபோன் ஓகே. ஏஎல்சி287ன்னு காட்டுது.

மின்சுருள்: ஸ்பீக்கரை ஓட்டுற ஸ்மார்ட் ஆம்ப் சிப்பா இருக்கும். அதுக்கான ஃபர்ம்வேர் ஏறலைன்னா இப்படித்தான் ஒலிக்கும். டிமெஸ்ஜியில் (கர்னல் லாக்) சிஎஸ்35எல்41 இல்லன்னா டிஏஎஸ்2781ங்கிற ஆம்ப் பெயரைத் தேடுங்க.

நள்ளிரவு_ஷெல்: அதோட /ப்ராக்/அசவுண்ட்/கார்டு0/கோடெக்#0 கோப்பில் நோட் 0எக்ஸ்14, 0எக்ஸ்17 (சிப்பின் ஸ்பீக்கர் பின்கள்) ரெண்டுக்கும் 'பின் டிஃபால்ட்' என்னன்னு பாருங்க. டிரைவர் பெயரை இன்னும் சொல்லலை.

ஓசைதேடி: ஆம்ப் வரி எதுவும் இல்லை. 14: 0எக்ஸ்90170110. 17: 0எக்ஸ்411111எஃப்0. டிரைவர் எஸ்ஓஎஃப்-ஆடியோ-பிசிஐ-இன்டெல்-டிஜிஎல்.

நள்ளிரவு_ஷெல்: விஷயம் இதுதான். 411111எஃப்0ன்னா 'இந்தப் பின்னில் எதுவும் இணைக்கலை'ன்னு பயாஸ் சொல்லுது. நிஜத்தில் பாஸ் ஸ்பீக்கர் 17-ல்தான் இருக்கணும். கர்னல் பயாஸை நம்பி 14-ஐ மட்டும் ஓட்டுது.

பல்ஸ்_பக்தன்: அப்போ பின்னை மாத்துற எச்டிஏஜாக்ரீடாஸ்க் டூலில் 17-ஐ 'இன்டர்னல் ஸ்பீக்கர்'னு மாத்தினா முடிஞ்சது.

நள்ளிரவு_ஷெல்: முடியாது. அது எழுதுற பூட் ஓவர்ரைடு எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் டிரைவருக்கான 'பேட்ச்' ஆப்ஷன். இவர் ஓட்டுறது எஸ்ஓஎஃப் டிரைவர், அது அதைப் படிக்காது. பின்னை மட்டும் திறந்தாலும் 17 போய் டிஏசி (டிஜிட்டலை அனலாக்கா மாத்துற பகுதி) 0எக்ஸ்06-இல் உட்காரலாம். அதுக்கு வால்யூம் கன்ட்ரோல் இல்லை. ஸ்லைடரைக் குறைச்சாலும் பாஸ் மட்டும் முழுசா இடிக்கும். 17-ஐ டிஏசி 0எக்ஸ்02-க்குத் திருப்பணும். ரெண்டையும் செய்யற ஃபிக்ஸப் (திருத்தம்) கர்னலில் ஏற்கெனவே இருக்கு. /ஈடிசி/மோட்ப்ரோப்.டி/ அடியில் .கான்ஃப்னு முடியற ஒரு கோப்பில் இந்த ஒரு வரி:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-எஸ்ஓஎஃப்-இன்டெல்-எச்டிஏ-ஜெனரிக் எச்டிஏ_மாடல்=ஏஎல்சி287-யோகா9-பாஸ்-எஸ்பிகே-பின்

கர்னல் பழசுன்னா ஜெனரிக்குக்குப் பதில் காமன். பூட்டில் முதல்ல ஏறுற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிச்சு ரீபூட் பண்ணுங்க. டிமெஸ்ஜியில் 'ஆட்டோகான்ஃபிக்' வரியில் லைன்_அவுட்ஸ்=2, 0எக்ஸ்14/0எக்ஸ்17ன்னு வரணும். 1ன்னே இருந்தா ஆப்ஷன் ஏறலை.

மின்சுருள்: மாடலுக்கு மாடல் ஒரு வரி சேர்த்துக்கிட்டே போற இந்த க்விர்க் (மாடல்வாரித் திருத்தம்) பட்டியல் ஒரு டிசைனா? பயாஸ்காரனைத் திருத்தச் சொல்லணும்.

கர்னல்_கிழவர்: சொல்லிப் பாருங்க. விண்டோஸில் அவங்க டிரைவர் பேக்கேஜிலேயே பின்னைச் சரிசெய்துடறாங்க, பயாஸ் தப்பு வெளியே தெரியறதே இல்லை. அப்புறம் எதுக்குத் திருத்துவாங்க?

மின்சுருள்: அதனால கர்னல் குப்பைத்தொட்டி ஆகணுமா?

கர்னல்_கிழவர்: ஒரு வரி டேபிள் குப்பை இல்லை தம்பி. அது இல்லைன்னா ஒவ்வொருத்தரும் மோட்ப்ரோப் கோப்பு எழுதிட்டு உட்காரணும்.

ஓசைதேடி: லைன்_அவுட்ஸ்=2 வந்துடுச்சு. பாஸ் வருது, வால்யூமும் குறையுது. நன்றி!

நள்ளிரவு_ஷெல்: நல்லது. ஒலி விவரம் திரட்டுற அல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்ட்டை ஓட்டி முழு அவுட்புட்டையும் போடுங்க, உங்க மாடலைச் சேர்க்க கர்னலுக்கு பேட்ச் அனுப்பலாம். மாடலை அடையாளம் காண பிசிஐ சப்சிஸ்டம் ஐடி மட்டும் போதாது; ரெண்டு மாடலுக்கு ஒரே ஐடி வர்றதுண்டு. அப்போ கோடெக்கோட சப்சிஸ்டம் ஐடியை வச்சுத்தான் பிரிக்கணும்.

நள்ளிரவு_ஷெல்: @ஓசைதேடி இருக்கீங்களா?

புதுவரவு22: எனக்கும் இதே ஏஎல்சி287, ஆனா ஏஎம்டி. அந்த வரியைப் போட்டேன், ஒண்ணும் மாறலை.

நள்ளிரவு_ஷெல்: அங்கே அனலாக் ஒலியை ஓட்டுறது எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்தான். மாட்யூல் பெயரை அதுவா மாத்தி, எச்டிஏ_மாடல்ங்கிறதை வெறும் மாடல்னு போடுங்க. ஏஎம்டியில் எச்டிஎம்ஐ-க்குத் தனி கன்ட்ரோலர் உண்டு, அனலாக் எந்த கார்டுன்னு முதல்ல பாருங்க. அதுக்கு முன்னாடி 17-இன் பின் டிஃபால்ட் என்ன?