மரகதத்தின் முழங்காலில் குழாய் ஏன் இல்லை?

குழு: மேலத்தெரு உறவுகள்

கயல்விழி, மாலை 4:12
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை இன்று காலை நல்லபடியாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ததால் இப்போதே தெளிவாகப் பேசுகிறார். கால் விரல்களையும் அசைத்துக் காட்டினார். படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

கோமதி அத்தை, மாலை 4:31
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கயல். கட்டு மட்டும்தான் தெரிகிறது. குழாயும் பாட்டிலும் எங்கே? எனக்கு 2009-இல் இதே அறுவை சிகிச்சை செய்தபோது முழங்காலிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, கட்டில் ஓரத்தில் தொங்கிய பாட்டிலில் ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. அந்தக் கெட்ட ரத்தம் உள்ளே தங்கினால் சீழ் பிடித்துவிடும் என்றுதான் அன்றைக்கு என்னிடம் சொன்னார்கள். மரகதத்துக்கு வைக்க மறந்துவிட்டார்களோ என்று கவலையாக இருக்கிறது. யாரிடமாவது உடனே கேள்.

கயல்விழி, மாலை 4:50
பணியில் இருந்த செவிலியரிடம் கேட்டேன், அத்தை. தங்கள் மருத்துவர் இந்த அறுவை சிகிச்சைக்கு வடிகுழாய் வைப்பதில்லை என்று சொன்னாரே தவிர, காரணம் சொல்ல அவருக்கு நேரமில்லை. முகிலன் அண்ணா, நீங்கள் எலும்பு மருத்துவர்தானே. ஓய்வு கிடைக்கும்போது விளக்குங்கள்.

முகிலன், மாலை 6:05
இப்போதுதான் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்தேன். அத்தை, யாரும் எதையும் மறக்கவில்லை. சித்திக்கு வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நானும் வழக்கமாக வைப்பதில்லை.

முழங்கால் மாற்றும்போது தொடை எலும்பின் கீழ்முனையையும் கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனையையும் சீவி எடுக்கிறோம். பெரும்பாலும் தொடை எலும்பின் உள்குழிக்குள் ஒரு கம்பியையும் செலுத்துகிறோம். இப்படி வெட்டுப்பட்ட எலும்பிலிருந்து, தையல் போட்ட பிறகும் சில மணி நேரம் ரத்தம் கசியும். அது மூட்டுக்குள் தேங்கிக் கட்டியானால் வலியும் வீக்கமும் மிகும், கிருமிக்கு இடமாகும், காலை மடக்க முடியாமல் போகும் என்று அஞ்சித்தான் உறிஞ்சு குழாய் வைக்கும் வழக்கம் வந்தது. வாவ் என்பவரும் ஸ்டிஞ்ச்ஃபீல்ட் என்பவரும் 1961-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாக எடுத்துக்காட்டப்படுவது. கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால் குழாய் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நியாயம் நிற்கவில்லை.

இராமநாதன் சித்தப்பா, மாலை 6:22
முகிலா, ஓர் ஐயம். வெளியேற வழி இல்லாவிட்டால் கசியும் ரத்தம் எங்கே போகும்? அக்கா கேட்பதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முகிலன், மாலை 6:40
நல்ல கேள்வி, சித்தப்பா. மூட்டு என்பது நாலாபுறமும் மூடிய ஒரு பை. அதற்குள் ரத்தம் சேரச் சேர அழுத்தம் ஏறும். ஓர் அளவில் அந்த அழுத்தமே கசிகிற சிறு நாளங்களை அமுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். தேங்கியது சில வாரங்களில் உடலாலேயே உறிஞ்சப்படும். தொடையிலும் கெண்டைக்காலிலும் கன்றிப்போன நிறம் தெரிவது அதன் அடையாளம். உறிஞ்சு பாட்டில் அந்த அழுத்தத்தை ஏறவிடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால், தானாக நின்றிருக்கக்கூடிய ரத்தமும் வெளியே வந்துவிடுகிறது. அத்தை பாட்டிலில் பார்த்தது கெட்ட ரத்தம் அன்று. அவருடைய நல்ல ரத்தம்தான்.

இராமநாதன் சித்தப்பா, மாலை 6:44
இறைத்த கிணறு ஊறும் என்று சொல்வார்களே, அதுபோல.

முகிலன், மாலை 6:58
ஆமாம். ஆனால் இங்கே ஊறுகிற ஒவ்வொரு மில்லிலிட்டரும் நோயாளியின் ஹீமோகுளோபின் கணக்கிலிருந்து கழிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த அறுவை சிகிச்சையில் இழக்கும் மொத்த ரத்தம் ஒரு லிட்டரைத் தாண்டுவது முன்பெல்லாம் இயல்பாக இருந்தது, அதில் ஏறத்தாழப் பாதி தசைகளுக்குள்ளும் மூட்டுக்குள்ளும் மறைந்துவிடும். ஆகவே பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்து இவ்வளவுதான் இழப்பு என்று நிம்மதி கொள்வதும் தவறான நிம்மதியே.

செல்வி, இரவு 7:30
அத்தான் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வார்டில் நிற்கிறவள் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குழாய் வைக்காத நோயாளிகளுக்குக் கட்டு நனைவது அதிகம். இரவில் மேலே பஞ்சு வைத்து மறுபடி சுற்றுவது எங்கள் வேலையாகிறது, அதைப் பார்த்து உறவினர்கள் பதறுகிறார்கள். குழாய் இருந்தால் கட்டு உலர்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கும்போது ஒரு கையில் வாக்கர், இன்னொரு பக்கம் பாட்டில் என்று திண்டாடுவோம். உருவி எடுக்கும் அந்த ஒரு நொடி சிலருக்குச் சுரீரென்று வலிக்கும். 2009-இல் என் அம்மாவுக்கு, அதாவது உங்கள் கோமதி அத்தைக்கு, அதை உருவியபோது அவர் என் கையைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முகிலன், இரவு 7:52
செல்வி சொன்ன இரண்டும் ஆய்விலும் வந்தவையே. பார்க்கரும் உடன் பணியாற்றியவர்களும் இடுப்பு மாற்று, முழங்கால் மாற்று இரண்டிலும் நடந்த 18 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,500 நோயாளிகளின் விவரங்களோடு, 2004-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கிருமித்தொற்றிலும், ரத்தக்கட்டிலும், மறுபடி அறுவை அரங்குக்குப் போக நேர்ந்ததிலும் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. குழாய் இல்லாதவர்களுக்குக் கட்டின் மேல் கட்டுப் போடுவது அதிகமாக இருந்தது. குழாய் வைத்தவர்களுக்கோ வெளி ரத்தம் ஏற்ற நேர்ந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், முழங்கால் மாற்றில் வடிகுழாய் வேண்டாம் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டு நனைவதையும் ரத்தம் ஏற்றுவதையும் தராசில் வைத்தால் எது கனக்கும் என்று எனக்கு ஐயமே இல்லை.

கோமதி அத்தை, இரவு 8:03
அப்படியானால் எனக்கு வைத்தது தவறா? எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களே, அது இந்தக் குழாயால்தானா?

முகிலன், இரவு 8:15
அப்படிச் சொல்ல முடியாது, அத்தை. ஒருவருக்கு ரத்தம் ஏற்ற நேர்வதற்கு அறுவைக்கு முன்பே ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, அறுவை எவ்வளவு நேரம் நடந்தது என்று பல காரணங்கள் உண்டு. அப்போது பெரும்பாலோர் வைத்தார்கள். கையில் பழகியதை விடுவது அறுவை மருத்துவர்களுக்கு எளிதன்று, என் ஆசிரியர்களும் அதற்கு விலக்கல்லர்.

அன்றைக்கு இல்லாத இன்னொரு துணையும் இப்போது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962-இலேயே கண்டறிந்து வெளியிட்டது. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் அது பார்த்துக்கொள்ளும். முழங்கால் மாற்றில் அது எங்கும் பரவியது அண்மைக் காலத்தில்தான். நரம்பு வழியாகவும் கொடுக்கலாம், மூட்டுக்குள்ளேயும் விடலாம். மூட்டுக்குள் விட்டுவிட்டு உறிஞ்சு குழாயைத் திறந்து வைத்தால் மருந்தும் சேர்ந்து பாட்டிலுக்குப் போய்விடும். அதனால் குழாய் வைப்பவர்கள் அதைச் சில மணி நேரம் கிளிப் போட்டு அடைத்து வைப்பதுண்டு. அடைத்து வைக்கத்தான் போகிறோம் என்றால் எதற்காக வைப்பது என்று நான் கேட்பேன்.

இராமநாதன் சித்தப்பா, இரவு 8:34
வைக்கிற மருத்துவர்களை எல்லாம் விவரம் அறியாதவர்கள் என்று நாம் முடிவுகட்டலாமா? என் நண்பர் ஒருவருக்குச் சென்ற மாதம் வைத்திருந்தார்கள்.

முகிலன், இரவு 8:49
கூடாது, சித்தப்பா. பொருத்திய மூட்டை எடுத்துவிட்டு மறுபடி மாற்றும் அறுவை, கிருமி பிடித்த மூட்டைக் கழுவும் அறுவை, ரத்தம் உறையும் தன்மையில் குறைபாடு உள்ளவர் என்ற நிலைகளில் இன்றும் வைப்பவர்கள் உண்டு. வைத்துவிட்டால் 24 மணி நேரத்தில் எடுத்துவிடுவது நல்லது. பாட்டிலில் வருவதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், அதற்குப் பிறகு அந்தக் குழாய் தோலிலிருந்து கிருமி உள்ளே போகும் வழியாக மாறும் அபாயம்தான் மிச்சம். உங்கள் நண்பருக்கு என்ன காரணத்தால் வைத்தார்கள் என்று தெரியாமல் நான் கருத்துச் சொல்வது முறையாகாது.

செல்வி, இரவு 9:06
கயல், இரவில் காலில் போட்ட கட்டின் மேல் சிவப்புத் தெரிந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தையும் எழுதச் சொல். கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவினால் செவிலியரைக் கூப்பிட வேண்டும், பரவாவிட்டால் அமைதியாக இருக்கலாம். பாதம் சில்லிட்டாலோ, மரப்பு விட்ட பிறகும் விரலை அசைக்க முடியாமல் போனாலோ, மருந்துக்கு அடங்காத வலி வந்தாலோ காத்திருக்காதே. வீட்டுக்கு வந்த பிறகு தையலிலிருந்து நாள்கணக்கில் நீர் கசிந்தால் வீட்டில் பஞ்சு மாற்றிக்கொண்டிருக்காமல் அறுவை செய்தவரிடமே காட்ட வேண்டும். கெண்டைக்கால் ஒருபக்கமாக வீங்கி வலித்தாலும் அப்படியே.

கயல்விழி, இரவு 9:20
எழுதி வைத்துக்கொண்டேன், மதினி. இப்போது கட்டின் மேல் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு புள்ளி இருக்கிறது, கோடு போட்டாயிற்று. காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுப்பார்களாம், ஹீமோகுளோபின் அளவு வந்ததும் இங்கே போடுகிறேன். கோமதி அத்தை, அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார். குழாயைப் பற்றி மட்டும் இப்போது அவரிடம் கேட்க வேண்டாம்.