அலாரம் "வென்ட் ஆஃப்" என்றால் அடித்ததா, நின்றதா?

துவாஸ் நைட் ஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஊர் அறந்தாங்கி பக்கம். துவாஸில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்.

போன வாரம் இரவு 2.15 மணிக்கு சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "லெவல் 3 அலாரம் வென்ட் ஆஃப், ப்ளீஸ் செக்." அப்போது நான் கீழே பம்ப் அறையில் இருந்தேன். மோட்டார் சத்தத்தில் வெளியே என்ன நடந்தாலும் கேட்காது. ஆஃப் என்றால் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? தானாக அடித்துத் தானாக நின்றிருக்கும், கையில் இருக்கும் வால்வு வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து மேலே போனால் மூன்றாம் மாடியே அதிர்கிற மாதிரி மணி அலறிக்கொண்டிருக்கிறது. பேன்ட்ரியில் யாரோ கெட்டிலைச் சரியாகப் புகை டிடெக்டருக்குக் கீழே வைத்துக் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். வெறும் நீராவிதான், நெருப்பு இல்லை. இருந்தாலும் நெருப்பாக இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அதோடு முடியவில்லை. லாக் புத்தகத்தில் "2.15, அலாரம் ஆஃப்" என்று எழுதி வைத்திருந்தேன். காலையில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, அலாரத்தை ஆஃப் பண்ணியது யார் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

லைட் வென்ட் ஆஃப் என்றால் லைட் போய்விட்டது. அலாரம் வென்ட் ஆஃப் என்றால் அலாரம் அடித்தது. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் போகிறது? இங்கே எதற்கெடுத்தாலும் ஆஃப்தான். நாளைக்கு ஆஃப், ஆஃப் தி ஃபேன், திஸ் மில்க் இஸ் ஆஃப்... விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூன் லே வாசி:

அலாரம் வந்தால் அடித்தது, லைட் வந்தால் நின்றது. இரண்டையும் மனப்பாடம் பண்ணிவிடுங்கள் தம்பி. நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷில் காரணம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும்.

செம்பவாங் டீச்சர்:

தம்பி, மனப்பாடம் வேண்டாம். இதற்குக் காரணம் இருக்கிறது, அது நம் தமிழிலேயே இருக்கிறது. 32 வருடம் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுவது பெரிய சொற்களில் இல்லை, இந்த மாதிரிக் குட்டிச் சொற்களில்தான்.

ஒரு எஃப் போட்டு எழுதும் "ஆவ்" (of) என்ற சொல்லும், இரண்டு எஃப் போட்டு எழுதும் இந்த ஆஃபும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன உச்சரிப்பு பிறகு தனிச் சொல்லாகப் பிரிந்துவிட்டது. அடிப்படைப் பொருள் "இருந்த இடத்தை விட்டு விலகி". அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டையிலிருந்து பொத்தான் பிய்ந்து வந்தால் ஆஃப். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் டேக் ஆஃப். வேலையை விட்டு விலகி இருக்கும் நாள் ஆஃப் டே. பால் நல்ல நிலையை விட்டு விலகினால், அதுவும் ஆஃப். கடையில் 30% ஆஃப் என்றால் விலையில் அவ்வளவு கழிந்துவிட்டது. (சைனாடவுன் கடைகளில் சீன எழுத்தோடு 7 என்று போட்ட அட்டையைப் பார்த்து 7 விழுக்காடு தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். பத்தில் ஏழு பங்கு விலை கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதாவது 30% ஆஃப்.)

இப்போது உங்கள் அலாரத்துக்கு வருகிறேன். "கிளம்பு" என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போகும்போது "நான் கிளம்புறேன்" என்கிறோம். அதைத்தான் ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஆஃப்" என்கிறார்கள். சாங்கியிலிருந்து விமானம் கிளம்பியது, டேக் ஆஃப். அடுப்பிலிருந்து புகை கிளம்பியது, பக்கத்து அறையில் ஒரு சத்தம் கிளம்பியது என்றும் சொல்கிறோம் இல்லையா? அலாரம் வென்ட் ஆஃப் என்பதும் அந்தக் கிளம்பல்தான். உள்ளே அடங்கிக் கிடந்தது வெளியே கிளம்பிவிட்டது. துப்பாக்கி வெடித்தாலும் இதே சொல்தான், கன் வென்ட் ஆஃப். அலாரம் என்ற சொல்லே "ஆயுதம் எடுங்கள்" என்று இத்தாலியில் போட்ட கூவலிலிருந்து வந்தது. அதனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி எனக்குத் தோன்றும்.

குழப்பம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் வழக்கமாக ஓடிக்கொண்டிருப்பதா, சும்மா காத்திருப்பதா? விளக்கு, விசிறி, ஏர்கான் ஓடிக்கொண்டிருப்பவை. அவை கோ ஆஃப் ஆனால் நின்றுவிட்டன. பட்டாசு, குண்டு, சைரன், அலாரம் எல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பவை. அவை கோ ஆஃப் ஆனால் சத்தம் கிளம்பிவிட்டது, ஓடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 மாலை 6.20-க்கு இங்கே சைரன் ஒலிக்கும், நீங்களும் கேட்பீர்கள். 1942-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள் அது. இப்போது அதை முழுமைத் தற்காப்பு தினம் என்கிறோம். அம்மா இருந்தவரை அந்தச் சைரன் கேட்டதும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அது அடங்கும்வரை பேசமாட்டார். 42-இல் அவருக்கு ஆறு வயது. "தி சைரன் கோஸ் ஆஃப் அட் 6.20" என்ற வாக்கியத்தை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்தியும் பாதி வெங்காயமும்தான் ஞாபகம் வரும்.

"ஆஃப் தி ஃபேன்" என்பது நம் சிங்கப்பூர்ப் பேச்சு. பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள், இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. சிலர் குளோஸ் தி லைட் என்பார்கள். மலாயில் "துதுப் லம்பு", சீனத்தில் "குவான் டெங்", இரண்டிலுமே விளக்கை மூடுவதுதான். என் அம்மா "விளக்கை அமத்து" என்பார். ஆனால் எழுத்தில், அதுவும் ரிப்போர்ட்டில், ஸ்விட்ச்ட் ஆஃப் என்று முழுசாக எழுதுங்கள்.

புக்கிட் மேரா டெக்னீஷியன்:

டீச்சர் சொன்ன கிளம்பலை நான் என் பையனுக்கும் சொல்லப்போகிறேன்.

தம்பிக்கு வேலைப் பக்கமிருந்து ஒன்று. ஃபயர் அலாரம் லாக்கில் ஆஃப் என்ற சொல்லே வேண்டாம். படிப்பவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார். அடித்தால் "ஆக்டிவேட்டட்". மணியை மட்டும் நிறுத்தினால் "சைலென்ஸ்ட்". அலாரம் பேனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் "ரீசெட்". ஒரு ஸோனை, அதாவது கட்டடத்தின் ஒரு பகுதிக்கான அலாரத்தைத் துண்டித்து வைத்தால் "ஐசொலேட்டட்". ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள். உங்கள் மேனேஜர் பதறியது ஐசொலேட் பண்ணிவிட்டீர்கள் என்று நினைத்துத்தான். அதை அனுமதி இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

இன்னொன்று. அலாரம் பற்றி எந்த மெசேஜ் வந்தாலும், அர்த்தம் யோசிக்காமல் முதலில் பேனலைப் போய்ப் பாருங்கள். நெருப்போ புகையோ தெரிந்தால் தீயணைப்புக்கு 995.

பூன் லே வாசி:

டீச்சர், நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்படியே என் சந்தேகம் ஒன்று. போன மாதம் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் "புட் ஆஃப்" என்று போனில் சொன்னார்கள். ரத்தாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வேறோர் இடத்தில் பதிவு செய்துவிட்டேன். இது என்ன கணக்கு?

செம்பவாங் டீச்சர்:

புட் ஆஃப் என்றால் தள்ளிப்போட்டார்கள், வேறு தேதி உண்டு. ரத்து என்றால் கால் ஆஃப். கல்யாணத்தைப் புட் ஆஃப் பண்ணினால் மண்டபத்துத் தேதி மாறும், கால் ஆஃப் பண்ணினால் சம்பந்தமே முறிந்தது. இதை மட்டும் கொஞ்சம் கவனமாகச் சொல்லவும் கேட்கவும் வேண்டும்.

சம்பளச்சீட்டு அக்கா:

நான் மனிதவளத் துறையில் இருப்பவள். "நாளைக்கு ஆஃப்" என்று கேள்வியில் பார்த்ததால் எழுதுகிறேன். பேச்சில் எல்லா விடுமுறையும் ஆஃப்தான். ஒப்பந்தத்தில் ரெஸ்ட் டே வேறு, ஆஃப் டே வேறு. உங்களைப் போல் உடலுழைப்பு வேலை செய்பவர்களில் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாதவர்களுக்கு வாரம் ஒரு ரெஸ்ட் டே சட்டப்படி உண்டு. முதலாளி கேட்டு அன்றைக்கு வேலை செய்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளம், பாதிக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வேலை செய்தால் அதில் பாதிதான்.

ஐந்து நாள் வேலை என்றால் சனிக்கிழமை ஆஃப் டே, ஞாயிறு ரெஸ்ட் டே என்று பல இடங்களில் இருக்கும். ஆஃப் டேயில் வேலை செய்தால் இந்த இரட்டைக் கணக்கு வராது. வாரம் 44 மணி நேரத்தைத் தாண்டியது ஓவர்டைம், குறைந்தது ஒன்றரை மடங்கு. பொது விடுமுறை உங்கள் ஆஃப் டேயில் வந்து விழுந்தால், பதிலுக்கு ஒரு நாள் விடுப்போ ஒரு நாள் கூடுதல் சம்பளமோ கிடைக்க வேண்டும். அந்தப் பதில் விடுப்பைத்தான் ஆஃப் இன் லியூ என்கிறார்கள். ஞாயிறு வேலை செய்துவிட்டு "ஆஃப்ல வேலை பார்த்தேன்" என்று சொன்னால், சம்பளம் போடுபவர் எந்த நாள் என்று எடுத்துக்கொள்வார்? ரெஸ்ட் டே என்றே சொல்லுங்கள்.

துவாஸ் நைட் ஷிஃப்ட்:

டீச்சர், அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. புக்கிட் மேரா அண்ணன் சொன்ன நான்கு சொல்லையும் ஒரு தாளில் எழுதி லாக் புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டிவிட்டேன். பங்களாதேஷ் நண்பர் ஒருவர் என்னோடு ஷிஃப்டில் இருக்கிறார், அவரும் ஆஃப் என்றால் நின்றது என்றுதான் நினைத்திருந்தாராம்.

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ரெஸ்ட் டே ஞாயிறு இல்லை, செவ்வாய். போன மாதம் இரண்டு செவ்வாய் முழு ஷிஃப்ட் வேலை செய்தேன், இரண்டும் சூப்பர்வைசர் கேட்டதுதான். சம்பளச்சீட்டில் அது ஓவர்டைம் என்று வந்திருக்கிறது. நாளைக்கு அலுவலகத்தில் கேட்கிறேன். கேட்கும்போது ரெஸ்ட் டே என்றுதான் சொல்வேன்.