இன்டெக்ஸ்: ‘தேடடைவு’ பொருந்துமா?

கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

தரவுத்தளத்தில் வேண்டிய வரிகளை விரைவாகக் கண்டெடுக்க உதவும் இன்டெக்சைச் ‘சுட்டி’ என்றால் சிக்கல். பாயின்டர், மவுஸ் இரண்டும் அந்தப் பெயரில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ‘அட்டவணை’ டேபிளோடு மோதும். ‘குறியீட்டெண்’ விலைவாசிக்குச் சரி, இங்கே எண்ணே கிடையாது. என் பரிந்துரை ‘தேடடைவு’. தேடு + அடைவு, வினைத்தொகை. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூட்டுத் தேடடைவு (பல நிரல்கள், அதாவது நெடுவரிசைகள், சேர்ந்தது), முன்னெழுத்துத் தேடடைவு (முதல் சில எழுத்துகளுக்கு மட்டும்) என்று அடைமொழியும் உறுத்தாமல் சேர்கிறது.

விளக்கத்துக்கு எடுத்துக்காட்டு: பாம்பன், மண்டபம், தொண்டியில் கரையேறும் மீனுக்கு ஒரு டேபிள். படகுப் பதிவெண், துறை, நாள், மீன்வகை, எடை. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் டேபிளை வரையறுக்கும் அடைப்புக்குள்ளேயே (துறை, நாள்) மீது கூட்டுத் தேடடைவு எழுதிவிடலாம். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன், ஏப்ரல் 1 முதல் 14 வரை பாம்பனில் என்ன மீன்பாடு என்று கேட்டால் உடனே எடுக்கும். துறையை விட்டு நாளை மட்டும் கேட்டால் பெரும்பாலும் டேபிள் முழுவதையும் துழாவும். சமன் பார்க்கும் நிரல் (இங்கே துறை) முன்னால், ‘இது முதல் இது வரை’ என்று வீச்சு பார்க்கும் நிரல் (நாள்) பின்னால்.

பதிவெண்ணில் ஒரு பொறி உண்டு. நம் இராமநாதபுரம் மாவட்ட விசைப்படகுகள் பலவும் ‘ஐஎன்டி-டிஎன்-10-’ என்றே தொடங்கும். ஆங்கிலத்தில் அது சரியாக 10 எழுத்து. இடம் மிச்சம் என்று முதல் 10 எழுத்துக்கு முன்னெழுத்துத் தேடடைவு போட்டால் அந்தப் படகுகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். போட்டதும் போடாததும் ஒன்றே. கடைசி எண்ணை மட்டும் வைத்து ‘%746’ (% என்றால் முன்னால் எதுவும் வரலாம்) என்று தேடினாலும் உதவாது, வரிசை முன்னாலிருந்துதானே. அந்த எண்ணைத் தனி நிரலாக்கி அதன்மேல் போடுங்கள்.

*

அண்ணே, நீங்கள் பரிந்துரைத்த சொல்லுக்கு என் ஒப்புதல். வெறும் ‘அடைவு’ டைரக்டரிக்குப் போய்விட்டது, ‘தேடு’ கட்டாயம் வேண்டும். ஆனால் அகராதிப் பொருளில் ‘டேபிளை வரையறுக்கும்போது உருவாக்குவது’ என்று எழுத வேண்டாம். போஸ்ட்கிரஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளில் வரையறைக்குள் சாதாரணத் தேடடைவு எழுத முடியாது, தனிக் கட்டளைதான். பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் நிரல்), யுனிக் (மதிப்பு இருமுறை வராத நிரல்) இரண்டுக்கும் தானே உருவாகும். ஃபாரின் கீக்கு (இன்னொரு டேபிளின் வரியைக் காட்டும் நிரல்) உருவாகாது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபியில் உருவாகும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாறுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்: படகு டேபிளில் ஒரு வரியை அழித்தால், அதை ஃபாரின் கீயால் காட்டும் மீன் டேபிள் முழுக்கத் தேடிக்கொண்டு நிற்கும்.

வினைக்குத் ‘தேடடைவிடு’ என்கலாமா? பழைய பேரேடுகளை மொத்தமாக ஏற்றுவோர்க்கான குறிப்பில் உடனே தேவைப்படுகிறது: ‘ஏற்றி முடித்தபின் தேடடைவிடுக.’ முன்பே இட்டால் ஒவ்வொரு வரிக்கும் அதையும் திருத்திக்கொண்டே போகும்.