உடற்பயிற்சிக் கூடத்து ரப்பர் தரை: பிசுபிசுப்பும் வாடையும் போக என்ன வழி?

கேள்வி: எங்கள் கூடத்தில் மறுசுழற்சி ரப்பர் ஓடுகள், பசையின்றிப் பொருத்தப்பட்டுள்ளன. நாள்தோறும் ஃபினாயில் நீரால் கழுவியும் தரை பிசுபிசுக்கிறது; புழுங்கிய வாடையும் வீசுகிறது. எவ்வாறு பராமரிப்பது?

பதில் 1: ஐயா, முதலில் ஃபினாயிலை நிறுத்துங்கள். அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் நாளடைவில் ரப்பரை இளக்கித் தூசியையும் பிடித்து வைக்கும். தின்னர், மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரப்பர் துகள்களுக்கிடையே நுண்துளைகள் இருப்பதால், தூசியையும் பளு தூக்குவோர் கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியையும் வேக்குவம் கிளீனரால் முழுமையாக எடுத்த பின்னரே, காரமோ அமிலமோ மிகாத சோப்புக் கரைசலில் நனைத்து நன்கு பிழிந்த மாப்பால் துடைக்க வேண்டும். சோப்பு தங்கினாலும் பிசுபிசுக்கும் என்பதால், வெறும் நீரால் மறுமுறை துடையுங்கள்.

பதில் 2: வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இணைப்புகள் வழியே இறங்கி அடியில் தேங்கும் நீர்தான். வாளியால் கொட்டிக் கழுவும் நம் வழக்கம் இத்தரைக்கு ஆகாது. ஓர் ஓட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமிருந்தால், அடித்தளம் முற்றிலும் உலர்ந்த பிறகே மீண்டும் பொருத்துங்கள்.

கேட்டவர்: நன்றி. கிருமிநாசினி தெளிக்கலாமா?

பதில் 1: ரப்பருக்கு ஏற்றதெனப் புட்டியில் குறித்திருந்தால் தெளிக்கலாம். ஆனால் அழுக்கின் மேல் தெளிப்பது வீண். துடைத்த தரையில் தெளித்து, புட்டியில் குறித்துள்ள நேரம்வரை ஈரம் காயாதிருக்க வேண்டும்.